அட்ரோபின் கணக்கைச் செவிலியரிடம் விடுங்கள்

அட்ரோபின் ஊசி நம் அரசு மருத்துவமனைகளுக்கு ஒரு மில்லி ஆம்பூல்களாக வருகிறது. ஒன்றில் 0.6 மில்லிகிராம் மருந்து. நாடித்துடிப்பு மட்டுப்பட்ட நோயாளிக்கு ஒன்றிரண்டு ஆம்பூல் போட்டால் பெரும்பாலும் போதும். பூச்சிமருந்து நஞ்சேறி வந்தவரிடம் இந்தக் கணக்கு எடுபடாது. பிரிட்டிஷ் நச்சியல் நிபுணர் மைக்கேல் எடில்ஸ்டனும் அவருடைய சகாக்களும் இலங்கை நோயாளிகளை வைத்து 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆர்கனோபாஸ்பேட் நஞ்சுக்கு ஆளானவர்களை நிலைக்குக் கொண்டுவர முதல் கட்டத்தில் தேவைப்பட்ட அட்ரோபின் சராசரியாக 23.4 மில்லிகிராம், மிக மோசமான நிலையில் வந்தவருக்கு 75 மில்லிகிராம். நம் ஊர் ஆம்பூலில் கணக்குப் போட்டால் முன்னது 39, பின்னது 125.

அத்தனையையும் கழுத்தில் ஒடித்து, சிரிஞ்சில் இழுத்து, ரத்தக்குழாயில் ஏற்றுவது செவிலியர். ஏற்றியபின் நோயாளியின் மார்பில் ஸ்டெத் வைத்துக் கேட்பதும், அக்குளைத் தொட்டுப் பார்ப்பதும், கண்மணியில் டார்ச் அடிப்பதும் பெரும்பாலும் அவரே. ஆனால் இன்னும் ஒரு டோஸ் போடலாமா, டிரிப் வேகத்தைக் குறைக்கலாமா என்ற முடிவு மட்டும் அவர் கையில் இல்லை. கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுத வேண்டும். டாக்டர் வேறொரு வார்டில் இருப்பார். அல்லது நள்ளிரவில் விபத்தில் சிக்கியவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருப்பார். இந்த இடைவெளியில்தான் உயிர்கள் நழுவுகின்றன.

இதயத் துடிப்பு, எச்சில், வியர்வை, குடல் அசைவு, மூச்சுக்குழாயின் விரிவு சுருக்கம் எல்லாம் நாம் நினைக்காமலேயே நடக்கின்றன. இவற்றை நடத்துவது தானியங்கு நரம்பு மண்டலம். அதன் ஒரு பாதியில் நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்து, உறுப்புக்குச் செய்தி சொல்லும். சொன்ன கணமே ஒரு நொதி வந்து அதைச் சிதைத்துவிட வேண்டும். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகள் இந்த நொதியை முடக்குகின்றன. தபாலைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய ஆள் வாசலிலேயே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பதுபோல, அசிட்டைல்கோலின் உறுப்புகளை விடாமல் தூண்டுகிறது. வாயிலும் மூக்கிலும் நீர் வடிகிறது. வியர்வை கொட்டுகிறது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குகிறது. நாடி இறங்குகிறது. எல்லாவற்றையும்விட ஆபத்து, நுரையீரலுக்குள் சுரக்கும் நீர். நோயாளி தன் சொந்தச் சுரப்பிலேயே மூழ்கத் தொடங்குகிறார்.

அட்ரோபின் நொதியைச் சரிசெய்வதில்லை. அசிட்டைல்கோலின் வந்து அமரும் இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. உள்ளே போன நஞ்சு அதிகமானால் அட்ரோபினும் அதற்கேற்ப அதிகமாக வேண்டும். எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்லும் அட்டவணை கிடையாது. நோயாளியின் உடல்தான் சொல்லும். எடில்ஸ்டன் குழு பாடநூல்களைப் புரட்டிப் பார்த்தபோது அவற்றில் முப்பதுக்கும் மேற்பட்ட வெவ்வேறு டோஸ் முறைகள் இருந்தன. சராசரி நோயாளிக்கு வேண்டிய மருந்தைச் செலுத்தி முடிக்க, ஒரு முறைப்படி 8 நிமிடம் போதும். இன்னொரு முறைப்படி 1,380 நிமிடம் ஆகும். 1,380 நிமிடம் என்றால் 23 மணி நேரம்!

இன்று பரவலாக ஏற்கப்பட்ட முறை எளிமையானது. முதலில் மூன்று ஆம்பூல், அதாவது 1.8 மில்லிகிராம். ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். முன்னேற்றம் இல்லையென்றால் ஆறு ஆம்பூல். பிறகு பன்னிரண்டு. பிறகு இருபத்து நான்கு. இப்படி இரட்டித்துக்கொண்டே போய், மார்பில் இரைச்சல் நின்று, நாடி 80-ஐத் தாண்டி, மேல் ரத்த அழுத்தம் 80-க்கு மேல் ஏறி, அக்குள் உலர்ந்தால் நிறுத்தலாம். அதுவரை செலுத்திய மொத்த மருந்தில் பத்து முதல் இருபது சதவீதத்தை மணிக்கு மணி டிரிப்பில் ஓடவிட வேண்டும்.

இந்த முறையின் பலனை வங்கதேசத்தின் சிட்டகாங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சோதித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2012-இல் வெளியாயின. பழைய வழக்கப்படி அவ்வப்போது ஊசி போட்ட குழுவில் 22.5 சதவீதம் பேர் இறந்தார்கள். டோஸை இரட்டித்து, பிறகு டிரிப்பில் தொடர்ந்த குழுவில் 8 சதவீதம். புது மருந்து எதுவும் இல்லை, விலை உயர்ந்த கருவியும் இல்லை. அதே அட்ரோபினை எந்த வேகத்தில், எதைப் பார்த்துக் கொடுப்பது என்பதில் மட்டும் மாற்றம். அந்தச் சோதனை நடந்த மருத்துவமனையின் நெரிசல் நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் நெரிசலுக்குக் குறைந்ததல்ல என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நோயாளியின் தலைமாட்டில் நிற்கக்கூடியவர் யார்? டாக்டரால் முடியாது. செவிலியரால் முடியும், அதுவும் அவருக்கு வேறு படுக்கைகள் ஒதுக்கப்படாமல் இருந்தால்.

படுக்கையருகே நடப்பது வெறும் எண்கணிதமும் அல்ல. இரண்டாம் நாள் இரவு நோயாளி திமிறுகிறார், போர்வையைப் பிய்க்கிறார், இல்லாத ஆட்களோடு பேசுகிறார் என்று வையுங்கள். கூட இருக்கும் அண்ணன், ‘சிஸ்டர், இவனுக்கு என்னமோ ஆயிடுச்சு, வந்து பாருங்க’ என்று ஓடி வருகிறார். காரணங்கள் பல இருக்கலாம். அட்ரோபின் மிஞ்சிப் போயிருக்கலாம். ஊமத்தங்காய் தின்ற குழந்தைகள் பிதற்றுவதும் இதே வகை மருந்துப்பொருளால்தான். தினமும் குடித்துப் பழகியவராக இருந்து, இரண்டு நாளாகச் சாராயம் கிடைக்காததால் வரும் நடுக்கமாக இருக்கலாம். மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் இருக்கலாம். மூன்றிலும் நாடி வேகமாக ஓடலாம் என்பதால் நாடி இங்கே பெரிய துப்பு தராது. அனுபவமுள்ள சிஸ்டர் முதலில் அக்குளில் கை வைப்பார். உலர்ந்து, உடம்பு கொதித்து, கண்மணி விரிந்து, வயிற்றில் ஸ்டெத் வைத்தால் குடல் சத்தமே இல்லாமல், சிறுநீரும் கட்டியிருந்தால் அட்ரோபின் அதிகம். டிரிப்பை நிறுத்த வேண்டும், அரைமணி நேரம் கழித்துப் பார்த்து, முன்னைவிடக் குறைந்த வேகத்தில் தொடங்க வேண்டும். அக்குள் நனைந்து கை நடுங்கினால் குடிநிறுத்த நடுக்கத்தை நினைக்க வேண்டும். நனைந்த அக்குளோடு மார்பில் இரைச்சலும் திரும்பியிருந்தால் நஞ்சு மறுபடி தலைதூக்குகிறது என்று பொருள். அட்ரோபின் கூட வேண்டும். ஆக்சிஜன் அளவை விரல் நுனியில் மாட்டும் கருவி சொல்லிவிடும்.

நிறுத்துவதும் கூட்டுவதும் நேர் எதிரான முடிவுகள். தவறான பக்கம் போனால் அரைமணி நேரத்தில் நிலைமை கைமீறும். பல வார்டுகளில் நடப்பதோ மூன்றாவது ஒன்று: கை கால்களைக் கட்டிலோடு கட்டிவிட்டு, டாக்டருக்குத் தகவல் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது. செவிலியரைக் குறை சொல்லிப் பயனில்லை. தானாக டிரிப்பை நிறுத்தி ஏதாவது ஆகிவிட்டால் மறுநாள் காலையில் மெமோ அவருக்குத்தான் வரும்.

அட்ரோபினால் ஆகாத ஒன்றும் உண்டு. நஞ்சு ஏறிய ஒன்று முதல் நான்கு நாளுக்குள், மார்பு தெளிந்து, பேசத் தொடங்கி, வீட்டார் நிம்மதி அடைந்த வேளையில், சிலருக்குக் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் சோர்ந்துபோகும். இந்த இடைநிலைத் தாக்கத்துக்குப் பெயர் சூட்டி உலகுக்கு எடுத்துச் சொன்னவர்கள் இலங்கை மருத்துவர்களான நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும், ஆண்டு 1987. இதை முன்கூட்டியே பிடிக்க எந்த ஸ்கேனும் வேண்டாம். ‘தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க’ என்று சொல்லிப் பார்க்க வேண்டும். தூக்க முடியாவிட்டால் வென்டிலேட்டரைத் தயார் செய்யச் சொல்லிவிடலாம். ஒரு ஷிஃப்டில் சில தடவை, தடவைக்கு அரை நிமிடம் செலவாகும் சோதனை. அட்ரோபின் சார்ட்டில் இதற்கென ஒரு கட்டம் போட்டிருந்தால் எந்தச் சிஸ்டரும் மறக்க மாட்டார்.

மாறாக, நேரம் எதில் போகிறது என்று பார்த்தால் வயிறு கழுவுவதில். நோயாளி வந்ததும் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினால்தான் சிகிச்சை தொடங்கியதாக உறவினர்கள் நம்புகிறார்கள். திமிறுகிறவரைப் பிடித்து அழுத்திக் குழாய் விடும்போது வாந்தி நுரையீரலுக்குள் போய் இறந்தவர்கள் பற்றிய பதிவுகள் மருத்துவ இதழ்களில் உண்டு. பலன் நிரூபிக்கப்பட்டதற்கான சான்றுதான் இல்லை. மூச்சுப் பாதையைக் காத்து, ஆக்சிஜன் கொடுத்து, அட்ரோபினைத் தொடங்கி, நஞ்சு பட்ட துணியைக் களைந்து, கையுறை போட்டுக்கொண்டு உடம்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவுவதே முதல் வேலை. பிராலிடாக்சிம் என்ற இன்னொரு மருந்தைப் பற்றியும் சண்டை ஓயவில்லை. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் நடந்த ஆய்வு, அதிக அளவில் தொடர்ந்து கொடுத்தால் பலன் உண்டு என்று 2006-இல் சொன்னது. இலங்கையில் நடந்த ஆய்வு, பலன் தெரியவில்லை என்று 2009-இல் சொன்னது. நிபுணர்கள் முடிவுக்கு வரட்டும். அட்ரோபின் விஷயத்தில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை.

‘அதிகாரத்தைச் செவிலியரிடம் கொடுத்தால் ஆபத்தாகாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கத்தான் வேண்டும். ஆனால் இது கொடுக்கப்படாத அதிகாரம் அல்ல. பேறுகாலத்தில் வலிப்பு வந்த பெண்ணுக்கு மக்னீசியம் சல்பேட்டின் முதல் டோஸைத் துணைச் செவிலியரே போட்டு அனுப்பலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. தடுப்பூசி போட்ட குழந்தைக்கு உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வந்தால் வயதுக்கேற்ற அட்ரினலின் ஊசி ஒன்றை அவரே போடலாம். அட்ரினலின், தானியங்கு நரம்பு மண்டலத்தின் மறுபாதியைத் தட்டி எழுப்பும் மருந்து. தீவிர சிகிச்சைப் பிரிவில் நார்அட்ரினலின் டிரிப்பைப் பாருங்கள்: சராசரி ரத்த அழுத்தம் 65-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் ஒரு வரி எழுதுவார், விடிய விடிய வேகத்தைக் கூட்டிக் குறைப்பது செவிலியர். அந்த மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையே கருகிவிடும். அதை நம்பிக் கொடுத்தவர்கள் அட்ரோபினைக் கொடுக்கத் தயங்குவதில் நியாயம் தெரியவில்லை.

வேண்டியது ஒரு நிலையான எழுத்து உத்தரவு. மார்பு, நாடி, ரத்த அழுத்தம், அக்குள் என்ற நான்கு இலக்குகள். எட்டாதவரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு. இத்தனை மில்லிகிராமைத் தாண்டினால் டாக்டரைக் கட்டாயம் அழைக்க வேண்டும் என்ற எல்லை. மிஞ்சிப் போனதன் அறிகுறி தெரிந்தால் உடனே நிறுத்தும் உரிமை. தமிழ்நாட்டின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் நஞ்சு நோயாளிகளும் அடங்குவர். வரும்போதே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறையும் இருக்கிறது. அந்தத் திட்டத்துக்குள் இந்த உத்தரவைச் சேர்க்க ஒரு சுற்றறிக்கை போதும்.

சுற்றறிக்கை போதாத இடமும் இருக்கிறது. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் அளவுகோல். நைட் ட்யூட்டியில் ஒரே சிஸ்டர் ஒரு முழு வார்டையும் பார்த்துக்கொண்டு நிற்கும் ஊரில் அது காகிதத்தில் மட்டுமே இருக்கிறது. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியரை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் திரும்பத் திரும்பப் போராடியதைத் தமிழ்நாடே பார்த்தது. வேலை நிலைக்குமா என்று தெரியாதவரிடம் ‘நீங்களே முடிவெடுங்கள்’ என்று சொல்வது கேலிக்கூத்து. பொறுப்பைத் தருகிறவர்கள் பணிப் பாதுகாப்பையும் சேர்த்துத்தான் தர வேண்டும்.

பாடம் நடத்தும் முறையும் மாற வேண்டும். நர்சிங் மாணவிகளுக்குத் தானியங்கு நரம்பு மண்டல மருந்துகள் என்றாலே கிலி. எந்த ஏற்பி எதைச் சுருக்கும், எதை விரிக்கும் என்ற நீண்ட பட்டியலை ஆங்கிலச் சுருக்கெழுத்துகளாக மனப்பாடம் செய்கிறார்கள். ‘அட்ரோபினின் பக்கவிளைவுகளை எழுதுக’ என்ற கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்குகிறவரால், எதிரே பிதற்றுகிற நோயாளியிடம் அதே பக்கவிளைவை அடையாளம் காண முடியாமல் போகிறது. இத்தனைக்கும் இந்தப் பாடத்தை நோயாளியை வைத்தே நடத்த நம் மருத்துவமனைகளைப்போல வாய்ப்பான இடம் வேறில்லை.

நல்லபாம்பு கடித்து இமை தூக்க முடியாமல் வருகிறவருக்கு அட்ரோபின் ஊசியோடு நியோஸ்டிக்மின் போடுகிறோம். நியோஸ்டிக்மினும் பூச்சிமருந்தைப்போல அதே நொதியைத் தடுப்பதுதான். ஆனால் அளவாக, சிறிது நேரத்துக்கு. ஒரு படுக்கையில் உயிரைக் குடிக்கும் வேலை பக்கத்துப் படுக்கையில் மூச்சைத் திருப்பித் தருகிறது. செந்தேள் கொட்டிய குழந்தைக்கு நடப்பது தானியங்கு நரம்பு மண்டலத்தின் மறுபாதியில் எழும் புயல்: அட்ரினலின் வகைப் பொருள்கள் வெள்ளமாகச் சுரந்து, கை கால் சில்லிட்டு, இதயம் திணறும். மகாராஷ்டிரத்தின் மஹாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரத்தக் கொதிப்புக்கான பிரசோசின் மாத்திரை இந்தப் புயலை அடக்கும் என்று 1980-களில் காட்டினார். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மாத்திரை கொடுத்த பின் குழந்தையைத் தோளில் தூக்கி நிறுத்தாமல் படுக்கவே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். அழுகிற குழந்தையைத் தூக்காதே என்று தாயிடம் எடுத்துச் சொல்லி, அவள் தூக்காமல் பார்த்துக்கொள்வதும் மருந்தியல்தான். அதைச் செய்கிறவரும் செவிலியரே.

நஞ்சையே ஒழித்துவிட்டால் இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். அந்த வழி பலித்ததற்கு இலங்கையே சாட்சி. 1980-களிலிருந்து படிப்படியாகக் கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தார்கள். 1995-ஐ ஒட்டி உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த இருபதாண்டில் ஏறத்தாழ எழுபது சதவீதம் குறைந்தது. இந்தியா மெதுவாகத்தான் நகர்கிறது. 1958-இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபின் பூச்சிக்கொல்லிச் சட்டம் வர 1968 ஆயிற்று. 2013-இல் பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்தின் மிகப் பரவலான வடிவத்துக்கு மத்திய அரசு தடை விதித்தது 2023 செப்டம்பரில். பத்தாண்டு! தமிழ்நாடு ஆறு பூச்சிக்கொல்லிகளை 60 நாளுக்கு மட்டும் தடுத்து வைத்தது. நிரந்தரத் தடைக்கான அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. தடை செய்யப்படாத ஆர்கனோபாஸ்பேட்டுகள் இன்னும் கடைகளில் இருக்கின்றன. நஞ்சேறி வருகிற எல்லோரும் உயிரை மாய்க்க நினைத்தவர்களும் அல்லர். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த கூலியாட்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு நம் பெரம்பலூர் மாவட்டப் பருத்திக் காடுகளிலும் உயிர்கள் போயின.

ஆகவே இரண்டும் வேண்டும். தடையை டெல்லியிடம் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை காத்திராமல் செய்யக்கூடியது சென்னையின் கையில் இருக்கிறது. மக்கள் நல்வாழ்வுத் துறை அட்ரோபினுக்கான நிலையான உத்தரவைத் தமிழில் அச்சிட்டு, நஞ்சு நோயாளிகள் வருகிற ஒவ்வொரு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் ஒட்ட வேண்டும். முதல் சில மணி நேரத்துக்கு அந்தப் படுக்கைக்கென்று ஒரு செவிலியரை ஒதுக்க வேண்டும். அவசரப் பிரிவு அலமாரியில் எப்போதும் குறைந்தது 125 ஆம்பூல் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் எண்ணிக் கையெழுத்திட வைக்க வேண்டும். உத்தரவின்படி நடந்த செவிலியர் மீது நடவடிக்கை இல்லை என்பதை அதே தாளில் எழுதித் தர வேண்டும்.

மனம் உடைந்து நிற்கிறவர்களோ, அவர்களை நினைத்துக் கவலைப்படுகிறவர்களோ 104 என்ற எண்ணிலும், மத்திய அரசின் 14416 என்ற எண்ணிலும் எந்த நேரமும் பேசலாம். இரண்டிலும் தமிழில் பேச ஆள் உண்டு, கட்டணம் இல்லை.